எத்தனை வருஷத்து மழைக்கு?

தைப்பிங்கில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளிடம் நான் வழக்கமாகக் கேட்பது இது: நம்ம ஊர்ல ஒரு வடிகால் கட்டணும், எவ்வளவு அகலம் வைப்பே? உடனே சூத்திரம் வரும். மழையின் தீவிரம், நிலப்பரப்பு, வழிந்தோடும் விகிதம், மூன்றையும் பெருக்கு. சரி, எந்த மழை? பத்து வருஷத்துக்கு ஒருமுறை வருவதா, நூறு வருஷத்துக்கு ஒருமுறை வருவதா? "அதைக் கேள்வியிலேயே கொடுத்திருப்பாங்களே சார்!"

வில்லியம் பெர்ரி ஹார்வர்ட் மாணவர்களோடு பல ஆண்டுகள் உரையாடி 1970இல் ஒரு நூல் வெளியிட்டார். மாணவ மனம் ஒன்பது நிலைகளில் வளர்கிறது என்றார். தொடக்கத்தில் உலகம் சரி, தவறு என இரண்டாக நிற்கும். சரியான விடை ஆசிரியர் கையில் இருக்கும். பிறகு எல்லாம் அவரவர் கருத்துதானே என்று கலங்கும். கடைசியில், உறுதியில்லாதபோதும் எடைபோட்டு ஒரு முடிவெடுத்து அதற்குப் பொறுப்பேற்கும்.

பொறியியல் கல்வியாளர்கள் பெர்ரியைத் தேடிப் போனதில் ஆச்சரியமில்லை. வடிகாலின் அகலம் கணக்கு. எத்தனை வருஷத்து மழைக்கு என்பது அறம். பெரிதாகக் கட்டினால் காசு அதிகம். சிறிதாகக் கட்டினால் பள்ளத்து வீடுகளில் தண்ணீர். யாருடைய வீடுகள்? 1993 டிசம்பர் 11 அன்று ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் இறந்தார்கள். பின்னாலிருந்த மலைச்சரிவின் மோசமான வடிகாலும் அதற்கு ஒரு காரணம்.

ஆனால் ஒரு மறுப்பு உண்டு. தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்தின் முதல் பட்டதாரி, விடைத்திட்டத்தை மனப்பாடம் செய்து எஸ்.பி.எம் ஏணியில் ஏறியவன். அவனிடம் போய் 'ஒரே விடை கிடையாது' என்பது வசதியுள்ளவன் பேச்சில்லையா? ஹார்வர்ட் பிள்ளைகளுக்குக் கலங்க நேரம் இருந்தது. இவனுக்குக் கல்விக் கடன் இருக்கிறது.

நியாயம்தான். இருந்தாலும், கங்காணியும் மண்டோரும் நம் ஆட்களுக்குப் பழக்கியது சொன்னதைச் செய்வதைத்தான். விடைத்திட்டம் மட்டுமே தெரிந்த எஞ்சினியர், சம்பளம் கூடிய அதே பழக்கம். எந்த மழை என்பதை எப்போதும் வேறொருவர் முடிவு செய்வார்.

மலேசியா 2009இல் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பினரானது. ஒரே விடையில்லாத சிக்கல்களைக் கையாள்வதும் தொழில் அறமும் பட்டதாரியிடம் எதிர்பார்க்கப்படுகின்றன. ஆனால் பட்டியலில் எழுதியதால் மனம் வளர்ந்துவிடாது. தனியாக முடியாததைத் துணையோடு செய்யும் இடைவெளியில்தான் வளர்ச்சி என்றார் வைகோட்ஸ்கி. பிள்ளையைக் குழப்பத்தில் தள்ளிவிட்டுப் போவது கற்பித்தல் ஆகாது, கூட நிற்கணும்.

எனவே பத்தா நூறா என்று மாணவனே தேர்ந்தெடுக்கட்டும். ஏன் என்று நாலு வரி எழுதட்டும். யார் வீட்டுக்குள் தண்ணீர் போகும் என்பதையும் எழுதி, கீழே தன் பெயரைப் போடட்டும். அந்த நாலு வரிக்கும் புள்ளி கொடுங்கள்.