நோவும் நிறைவும்

இடுப்புவலி, தலைவலி, கைகால் உளைச்சல்: தோட்டத்து மருந்தகங்களில் நாள்தோறும் ஒலித்த முறையீடுகள் இவை. இவற்றுக்கு நிர்வாகம் பல வேளைகளில் ஒரே விடையை வைத்திருந்தது; 'வேலைக்குச் சோம்பல்' என்பதே அது. நோயென்று வந்தவன் மெய் சொல்கிறானா என்று ஆராய்ந்தவர்கள், அந்நோய் எதைச் சொல்கிறது என்று கேட்டாரில்லை.

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய வட்டாரங்களில் ரப்பர் குறைந்து செம்பனை பெருகியபோது நோவும் இடம் மாறிற்று. பால்மரம் வெட்டியவர் குனிந்தார். குலை வெட்டுபவர் அண்ணாந்து, நீண்ட கம்பின் நுனியிலுள்ள அரிவாளை இழுக்கிறார். இடுப்பிலிருந்த வலி தோளுக்கும் கழுத்துக்கும் ஏறிற்று. மருந்து தெளிக்கும் வேலையோ பெரும்பாலும் பெண்களின் முதுகில் ஏற்றப்பட்டது. பாராகுவாட் நகத்தைக் கெடுக்கும். மூக்கில் குருதி வரச் செய்யும். தெளிப்புத் தொழிலாளரின் துன்பங்களை தெனாகானித்தா அமைப்பு 2002இல் ஆய்வாக வெளியிட்டது. அவ்வாண்டே அரசு தடையை அறிவித்தும், 2006இல் அது தளர்ந்தது. 2020 சனவரியில்தான் முழுத்தடை நடப்புக்கு வந்தது. இடையில் தெளித்த கைகள் எத்தனை!

நஞ்சும் பளுவும் மட்டுமே நோய்க்குக் காரணமா? இலண்டன் அரசு ஊழியரிடையே மைக்கேல் மார்மட் குழுவினர் 1985இல் தொடங்கிய ஆய்வு வேறொன்றையும் காட்டிற்று. நாற்காலியில் அமர்ந்து எழுதியவர்களிலும், தம் வேலையின் போக்கைத் தாமே தீர்மானிக்க இயலாதவரே மிகுதியாக இதயநோய்க்கு ஆளாயினர்.

நம் முன்னோர் இதனை ஆய்வின்றியே உணர்ந்திருந்தனர். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் எழுந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கூலி உயர்வும் முறையான மருத்துவமும் இருந்தன. துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டியதில்லை என்பதும் அவற்றோடு இருந்தது. மிதிவண்டியிலிருந்து இறங்குவதால் எலும்பு நோகாது. ஆயினும், மருத்துவம் கேட்ட அதே பட்டியலில் அவர்கள் மானத்தையும் கேட்டார்கள்.

மரத்திற்குக் காயம் படாமல் பட்டையைச் சீவும் கைத்திறனில் பெருமிதம் கொண்ட பால்வெட்டுக்காரர் பலர் உண்டு. அந்நிறைவு பொய்யன்று. ஆனால், கையுறை தர வேண்டியவர் அதற்கு ஈடாக மனநிறைவைப் போதிப்பாராயின் அதனை ஏற்பதற்கில்லை.

இன்று குலை வெட்டுவோருள் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வேற்றுமொழியில் இடுப்பு வலிக்கிறது என்கிறார்கள். அதைக் கேட்கும் இடத்தில் இப்போது நம்மவரும் மண்டோராகவும் கிராணியாகவும் இருக்கிறார்கள். அந்தப் பழைய சொல், 'சோம்பல்', அவர்கள் வாயிலும் வருகிறது.