செங்கல்லும் பிரேமையும்

கயிற்றைப் பாம்பென்று மயங்கி அஞ்சுகிறவனைக் காட்டி, அஞ்ஞானமே துக்கத்தின் வேர் என்று வேதாந்திகள் நிலைநாட்டிய நியாயத்தை அமெரிக்கப் பத்திரிகைச் சித்திரத் தொடரொன்றில் வரும் பூனை தலைகீழாகக் கவிழ்த்துவிடுகிறது என்றால், கற்றோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் ஜார்ஜ் ஹெரிமன் 1913 முதல் 1944-ல் தாம் மறையும்வரை வரைந்துவந்த ‘கிரேசி கேட்’ தொடரில் ஊறியவர்களுக்கு இது மிகையாகத் தோன்றாது.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. பூனைக்கு இக்னாட்ஸ் என்னும் எலியின்மேல் தீராத காதல். எலிக்கோ பூனையின் மண்டையைக் குறிபார்த்துச் செங்கல் எறிவதைத் தவிர வேறு புருஷார்த்தம் கிடையாது. பூனையின்மேல் பிரியம் வைத்துத் தவிக்கும் போலீஸ் நாய், எலியைப் பிடித்து, அதே செங்கல்லால் கட்டிய சிறையில் தள்ளுகிறது. முப்பது வருஷமும் இந்த லீலைதான். செங்கல் தலையில் பட்டதும் பூனைக்கு உச்சி குளிர்ந்துவிடும். அடியை அது அன்பின் அடையாளமாகவே ஏற்கிறது. அந்தப் பூனை ஆணா, பெண்ணா என்பதைக்கூட ஹெரிமன் அறுதியிட்டுச் சொல்லவில்லை.

அரிசோனாவின் கொகொனினோ பாலைநிலத்தைக் களமாகக் கொண்ட அப்படங்களில், பாத்திரங்கள் நின்ற இடத்திலேயே பேசிக்கொண்டிருக்க, ஒரு கட்டத்தில் குன்றாக இருந்தது அடுத்த கட்டத்தில் மரமாகிறது, பகல் இரவாகிறது, அதை ஒருவரும் லட்சியம் செய்வதில்லை. 1916-ல் முழுப்பக்கம் கிடைத்தபின் கட்டங்களின் உருவையும் அளவையும் இஷ்டம்போல் மாற்றியமைத்த அக்கலைஞர், பிரபஞ்சத்தின் அநித்தியத்தை உபதேசிக்காமல் கண்ணுக்கே காட்டிவிட்டார் என்பது என் அபிப்பிராயம்; அங்கே ஸ்திரமாயிருப்பவை செங்கல்லும் அதை வரவேற்கும் மனமுமே. பொதுஜனங்களில் பலருக்கு விளங்காத இத்தொடரைப் பத்திரிகாதிபதி ஹெர்ஸ்ட் தம் சொந்த ரசனையால் காப்பாற்றி வந்தார். அவருடைய பத்திரிகைகள் செய்த மற்றக் காரியங்களை நினைத்தால், இதை அவரது புண்ணியக் கணக்கில் தாராளமாகவே எழுதலாம்.

எலியின் நெஞ்சில் இருப்பது துவேஷமே. ஆகையால் பூனையின் நம்பிக்கை பிரமைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பிரமையல்லவா அதற்கு ஆனந்தம் தருகிறது! உள்ளதை உள்ளபடி அறிந்த நாயல்லவா ஓயாமல் வருந்துகிறது! வேதாந்தி இதற்கும் சமாதானம் சொல்லுவார்: செங்கல் வராத நாளில் பூனை வாடிவிடுகிறது, பிறர் கையை எதிர்பார்த்திருக்கும் ஆனந்தம் பந்தமேயன்றி முக்தியன்று என்பார். ஒப்புக்கொள்ளுகிறேன். அப்படியானால், எதிலும் மயங்காமல் எல்லாவற்றையும் சரியாகவே கண்டுகொண்டிருக்கும் அந்த நாயைக் கட்டியிருப்பது எந்த அஞ்ஞானம் என்பதையும் அவர் சொல்லியாக வேண்டும்.