அறியாதிருக்கும் உரிமை

அறிவு விளக்கு, அறியாமை இருள் என்று பள்ளிப் பருவத்திலிருந்தே நம்பி வந்தவன் நான். ஒரு மாணவியின் ஆராய்ச்சியைப் பற்றிப் படித்த பிறகு அந்த நம்பிக்கையைச் சற்றே திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் நான்சி வெக்ஸ்லர் என்ற பெண்ணின் தாய்க்கு 1968-ல் ஹண்டிங்டன் நோய் கண்டது. பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதுக்கு மேல் தலைகாட்டும் நோய் அது. கைகால்கள் தாமாகவே ஆடும். மெல்ல மெல்லப் புத்தியும் தடுமாறும். அதைத் தீர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைக்கு வருவதும் வராததும் சரிபாதி. பூவா, தலையா? பிறக்கும்போதே காசு விழுந்துவிட்டது. விழுந்த பக்கம்தான் தெரியவில்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உளவியல் டாக்டர் பட்டத்துக்கு அந்த மாணவி எடுத்துக்கொண்ட பொருள் என்ன தெரியுமா? தம்மைப் போலவே இந்நோய் வருமோ என்ற நிலையில் வாழ்கிறவர்களைப் பற்றியே ஆராய்ந்தார். 1974-ல் பட்டம் கிடைத்தது. ஆராய்ச்சி அதோடு நிற்கவில்லை. 1979-ல் வெனிசுலா நாட்டின் மராக்கைபோ ஏரிக்கரைக்குப் போனார். அங்கே ஏழை மீனவர் குடும்பங்களில் இந்நோய் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தது. பின்னர் அவருடைய குழுவினர் ஆண்டுதோறும் சென்று, யார் யாருக்குப் பிள்ளை, யாருக்கு நோய் என்று கொடிவழி எழுதினார்கள், இரத்தமும் சேகரித்தார்கள். கொடுக்கத் தயங்கியவர்களுக்கு வெக்ஸ்லரின் கையிலிருந்த தழும்பு காட்டப்பட்டது. அவரும் இந்நோய்க் குடும்பத்தில் பிறந்தவர். அவரும் ஆராய்ச்சிக்குத் தம் தோலைக் கொடுத்தவர்.

அந்தக் குடும்பங்களின் உதவியால் 1983-ல் நோயின் இருப்பிடம் நான்காம் குரோமோசோமில் என்று தெரிந்தது. 1993-ல் மரபணுவே அகப்பட்டது. இன்று ஓர் இரத்தப் பரிசோதனை, வரப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடும்.

ஆனால், அந்த நிலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பரிசோதனை செய்துகொள்வதில்லை! இவர்கள் கோழைகளா?

அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருந்து இருந்தால் அறிவது கடமை. மருந்தே இல்லாதபோது அந்த அறிவு சிலருக்குத் தெளிவு. சிலருக்கோ மரணத்துக்கு முன்பே தொடங்கிவிடும் மரணம். யாருக்கு எது என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல நாம் யார்?

‘மணந்துகொள்ளப் போகிறவளுக்குத் தெரிய வேண்டாமா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. குடும்பத்தில் நோய் உண்டு என்பதை மறைப்பது வஞ்சனை. ஆனால், ‘உன் விதியை இன்றே அறிந்து வந்து சொல்’ என்று வற்புறுத்துவது கொடுமை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பாட்டனாருக்கு நோய், பரிசோதனைக்கே போகாத தந்தை, பேரன் போகிறான். அவனுக்கு உண்டென்று வந்தால், கேட்காமலே தந்தையின் விதியும் வெளியாகிவிடுகிறது. ஒருவனுடைய அறிவு இன்னொருவனுடைய நிம்மதியைக் குடிக்கிறது.

ஆகவே, ஆய்வேட்டுக்காகப் பிறர் வீட்டுக் கொடிவழியைக் குறித்துக்கொள்ளும் மாணவன் எழுதுவது வெறும் புள்ளிவிவரம் அல்ல. அவன் கையில் இருப்பது அடைக்கலப் பொருள். உரியவர் கேட்டால் கொடுக்கலாம். கேட்காதவர் மடியில் கொண்டுபோய்ப் போடக் கூடாது.

தமக்கு அந்நோய் இருப்பதை 2020-ல் வெக்ஸ்லர் உலகுக்குத் தெரிவித்தார். அப்போது அவருக்கு வயது 74. சொல்ல வேண்டும் என்று தமக்குத் தோன்றிய நாளில், தம் வாயாலேயே சொன்னார். மற்றவர்களுக்கும் அந்த நாளைத் தேர்ந்துகொள்ளும் உரிமை வேண்டும்.