ஆறு மணிக்குப் பூட்டும் கேட்

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டி வெப்ஸ்டர் கல்லூரி. லொரெட்டோ சபைச் சகோதரிகள் 1915-இல் பெண்களுக்காகத் தொடங்கியது. 1967-இல் அதன் தலைவர் சிஸ்டர் ஜாக்குலின் கிரென்னன் துறவற வார்த்தைப்பாட்டை விட்டு விலகினார். கல்லூரியும் சபையின் கையிலிருந்து பொதுநிலையினர் குழுவுக்குப் போனது. உயர்கல்வியின் இயல்பும் திருச்சபையின் சட்ட அதிகாரமும் ஒத்துப்போகாது என்பது அவர் வாதம். மேலே ஆயர் இருக்கும்போது உள்ளே இருப்பவர்கள் எதையும் கேட்டுவிட முடியுமா?

நம் நாட்டில் கதையே வேறு. அரசியல் சாசனத்தின் 30-ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குத் தருவதே கல்வி நிலையங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையைத்தான். 1974-இல் அகமதாபாத் சேவியர் கல்லூரி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து அலசியதும் அதையே. கிரென்னன் உதறிய பிடியை இங்கே கோர்ட்டுக்குப் போய்க் காப்பாற்றினார்கள்.

நான் மதுரை பாத்திமா கல்லூரியில் படித்தவள். லியோன் புனித சூசையப்பர் சபைச் சகோதரிகள் 1953-இல் தொடங்கியது. சாத்தூரில் அப்பாவுக்கு நிப்புப் பட்டறையில் வேலை. பால்பாயின்ட் வந்து பட்டறைகள் படுத்துக்கொண்டிருந்த காலம். பொட்டப்பிள்ளையை வெளியூரில் தங்கவிடுவதா என்று பெரியப்பா குதித்தார். "அங்க சிஸ்டர்மாரு இருக்காக" என்று அம்மா சொன்னதும் அடங்கிவிட்டார். அம்மா இருக்கன்குடி மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுப்பவள். அவள் நம்பியது இயேசுவை அல்ல, கன்னியர் மடத்து மதிலை.

கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும் நேரத்தில் எங்களுக்கு நீதிபோதனை. என் நெற்றியில் இருந்த இருக்கன்குடித் திருநீற்றை யாரும் அழிக்கச் சொன்னதில்லை. ஒருநாள் சிஸ்டரிடம், "கடவுள் இருந்தா எங்க பக்கம் பட்டாசு ஆலையில ஏன் ஆளுக கருகிச் சாகுறாங்க?" என்றேன். வகுப்பு கப்சிப். "எழுதிக் கொண்டு வா" என்றார். ஆறு பக்கம் எழுதினேன், கோபம் கோபமாக. எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பித் தந்தார். கருத்தில் கை வைக்கவில்லை.

அதற்காகக் கிரென்னன் சொன்னது தப்பு என்று ஆகிவிடாது. நான் வெறும் மாணவி. என் ஆறு பக்கத்தால் எந்த ஆயருக்கும் தூக்கம் கெடப்போவதில்லை. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு அந்த இடி வேறு. என்னை இன்றும் அரிப்பது மதில்தான். மதில் இல்லாவிட்டால் எனக்குப் படிப்பே கிடையாது. அந்த மதிலுக்குள்தான் கடவுளையே கேள்வி கேட்டேன்; வெளியே போக மட்டும் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. இது திருச்சபையின் பிடி என்றே அப்போது நினைத்தேன்.

அண்ணன் மகள் இப்போது இன்ஜினியரிங் படிக்கிறாள், இருபாலர் கல்லூரி. சிஸ்டரும் கிடையாது, ஆயரும் கிடையாது. பெண்கள் ஹாஸ்டல் கேட்டை ஆறு மணிக்குப் பூட்டுகிறார்கள். பையன்களுக்கு ஒன்பதரை.