தானும் பிறிதும்: முடக்குவாதமும் மகப்பேறும் எழுப்பும் வினா

உடலில் ‘தான்’ எது, ‘பிறிது’ எது என்னும் வினா நெடுங்காலம் தத்துவ நூல்களுக்கே உரியதாக இருந்து, இருபதாம் நூற்றாண்டில் மருத்துவ ஆய்வுக்கூடத்துக்குள்ளும் நுழைந்தது. நோய் எதிர்ப்பு மண்டலம், அதாவது கிருமிகளை இனங்கண்டு அழிக்கும் உடலமைப்பு, தன் திசுக்களைப் பொறுத்துக்கொண்டு அயலானவற்றை மட்டுமே தாக்குகிறது என்ற கொள்கையை ஆஸ்திரேலிய அறிவியலாளர் பர்னெட் 1940களின் இறுதியில் முன்வைத்தார். அக்கொள்கை மிகக் கடுமையான சோதனைக்கு உள்ளாவது, முடக்குவாதமும் கருப்பேறும் ஒருங்கே நேரும் பெண்ணுடலில்தான்.

நோய் எதிர்ப்பு மண்டலம் மூட்டுகளின் உட்சவ்வையே பகையாகக் கொண்டு தாக்குவதால் வீக்கமும் வலியும் காலைநேர விறைப்பும் தோன்றி, நாளடைவில் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படும் நோயே முடக்குவாதம். இது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக வருகிறது. கருவுற்ற காலத்தில் இந்நோய் தணிவதை அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த பிலிப் ஹென்ச் 1938இல் விரிவாகப் பதிவு செய்தார். அத்தணிவுக்குக் காரணமான பொருளைத் தேடிய முயற்சி கார்ட்டிசோன் மருந்தில் போய் முடிந்து, 1950இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. நோயுற்ற பெண்களில் நான்கில் மூன்று பங்கினர் கருவுற்ற காலத்தில் நலமடைவதாக முன்பு கருதப்பட்டது. 2008இல் வெளியான நெதர்லாந்து ஆய்வோ, நோய் மிகுந்திருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடமே குறிப்பிடத்தக்க தணிவைக் கண்டது. மகப்பேற்றுக்குப் பிந்தைய சில மாதங்களில் நோய் பலரிடம் மீண்டும் தலைதூக்குகிறது.

கருவின் மரபுப் பொருளில் பாதி தந்தையிடமிருந்து வருவதால், பர்னெட்டின் கொள்கைப்படி தாயின் உடல் அதை அயலாகக் கருதித் தள்ளிவிட வேண்டும். அவ்வாறு தள்ளாதது ஏன் என்ற புதிரைப் பிரிட்டிஷ் அறிவியலாளர் பீட்டர் மெடவார் 1953இல் எழுப்பினார். தாயின் எதிர்ப்பாற்றல் வெறுமனே தளர்ந்துபோவதால் இந்தப் பொறுமை உண்டாவதில்லை. தாக்கும் செல்களை அடக்கிவைக்கும் ஒழுங்குமுறை டி செல்கள் அக்காலத்தில் பெருகுவது போன்ற செயல்முனைப்புள்ள மாற்றங்கள் அதன் பின்னால் உள்ளன. செல்களின் அடையாளக் குறிகளாக விளங்கும் எச்.எல்.ஏ. புரதங்களில் தாய்க்கும் சேய்க்கும் வேற்றுமை மிகுந்திருந்தால் முடக்குவாதம் தணியும் வாய்ப்பும் மிகுதி என்று லீ நெல்சன் குழுவினர் 1993இல் அறிவித்தது இன்னும் வியப்புக்குரியது. தன்னையே பகைத்துக்கொண்ட உடல், தனக்கு அயலான உயிரைச் சுமக்கும்போது தன்னோடு சமாதானம் கொள்கிறது.

மேலும், மகனின் செல்கள் தாயின் குருதியில் 27 ஆண்டுகள் வரை தங்கியிருக்கக்கூடும் என்று டயானா பியாங்கி குழுவினர் 1996இல் காட்டினர். மைக்ரோகைமரிசம் எனப்படும் இந்த நுண்கலப்பு சேயிடமிருந்து தாய்க்கும் தாயிடமிருந்து சேய்க்கும் நிகழ்கிறது. ஆகவே உடலை மதில் சூழ்ந்த கோட்டையாகவும் நோய் எதிர்ப்பை அதன் காவலாகவும் கொள்ளும் கருத்து நிறைவுடையதன்று. தத்துவ அறிஞர் தாமஸ் பிரதே, எதிர்ப்பாற்றல் கிளர்வது அயல்தன்மையால் அன்று, திடீர் மாற்றத்தால்தான் என்கிறார். மெல்ல வளரும் கருவைத் தாயுடல் ஏற்பதை இது விளக்கினாலும், ஆண்டுக்கணக்கில் ஓயாத முடக்குவாதத்தை இதைக் கொண்டு விளக்குவது எளிதன்று. எப்பொருளும் தனித்த சாரமின்றிப் பிறவற்றைச் சார்ந்தே தோன்றுகிறது என்று மணிமேகலை விரித்துரைக்கும் பௌத்த நோக்கு இவ்விடத்தில் கூடுதலாகப் பொருந்துகிறது: உடலின் ‘தான்’ என்பது பிறப்பிலேயே முடிந்துபோன பொருளன்று, பிறவற்றோடு கொள்ளும் உறவில் இடையறாது ஆக்கப்படும் நிலை.

கருவுற்ற காலத்தில் முடக்குவாதம் பலரிடம் தணிகிறது என்ற உண்மையிலிருந்து ஓர் அறநெறிக் கட்டளையைப் பெற முயல்வது பெரும் பிழையாகும். உள்ளதை மட்டும் கொண்டு செய்ய வேண்டியதை முடிவு செய்ய இயலாது என்று ஸ்காட்லாந்து மெய்யியலாளர் ஹியூம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சுட்டிக்காட்டினார். பிள்ளை பெற்றவர்களுக்கு முடக்குவாதம் வரும் வாய்ப்புச் சற்றுக் குறைவு எனச் சில ஆய்வுகளும், அத்தகைய தொடர்பு இல்லை என வேறு சில ஆய்வுகளும் கூறுகின்றன. எவ்வாறாயினும் அவை பெருந்தொகையினரைப் பற்றிய கணக்குகளே அன்றி, தனியொரு பெண்ணின் விதியை உரைப்பன அல்ல. இந்நோய்க்குப் பரவலாகத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் கருவுக்குத் தீங்கு செய்யுமாதலால், மகப்பேற்றை விரும்பும் பெண் மருத்துவரைக் கலந்து அதை முன்கூட்டியே நிறுத்த வேண்டியிருக்கிறது. அத்தகையவளிடம் பிள்ளைப்பேற்றையே மருந்தாகப் பரிந்துரைப்பது அறியாமையோடு கொடுமையும் ஆகும். கருக்காலத் தணிவு தாய்மைக்குக் கிடைத்த பரிசன்று. பிள்ளை பெறாதவளின் நோய் தண்டனையும் அன்று. பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பது அவள் முடிவு. அவள் எதை முடிவு செய்தாலும் முறையான மருத்துவம் அவளுக்குக் கிடைத்தாக வேண்டும்.