பூக்கும் நாளில் மருந்தடிக்கலாமா?

அந்நஹ்ல் அத்தியாயத்தின் 68, 69 ஆம் வசனங்களை ஓதும்போது நம் நினைவு தேனோடு நின்றுவிடுகிறது. ஓர் ஆப்பிளைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். ஐந்து அறைகள், பெரும்பாலும் அறைக்கு இரண்டு விதைகள் வரை. வேறு ரக மரத்தின் மகரந்தத்தைத் தேனீ போதுமான அளவு கொண்டுவராவிட்டால் விதை குறையும், பழம் ஒருபக்கம் சூம்பும், பல பிஞ்சிலேயே உதிரும்.

சீனாவின் ஹன்யுவானில் பேரிக்காய் விவசாயிகள் மரமேறி, இறகு கட்டிய குச்சியால் பூப்பூவாக மகரந்தம் தடவுகிறார்கள். பூச்சிமருந்துக்கு அஞ்சித் தேனீ வளர்ப்போர் பெட்டிகளைக் கொண்டுவர மறுத்ததும் அதற்கு ஒரு காரணம். சுப்ஹானல்லாஹ், கூலியில்லாமல் நடந்த வேலை!

நட்ட மரத்தில் பறவை உண்டாலும் அது தர்மம் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். அந்த நன்மையை நாடி நட்டவரே, பூக்கும் நாளில் மருந்தடிக்காதீர்கள். தவிர்க்கவே முடியாதென்றால், தேனீக்கள் கூடு திரும்பியபின், மஃரிபுக்குப் பிறகு அடியுங்கள். பெட்டி வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டக்காரருக்கு முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். அது அவருடைய ஹக்கு.