மோட்டார்காரனின் வேண்டுதல்

மழை வேண்டும் என்று சாமியிடம் கேட்க நம் ஊரில் யாரும் கூச்சப்படுவதில்லை. கடவுள் வாழ்த்து முடிந்த கையோடு வான்சிறப்பை வைத்தார் வள்ளுவர். 2019 கோடையில், மழைக்கு யாகம் நடத்தும்படி தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு அறநிலையத் துறையே சுற்றறிக்கை அனுப்பியது. ஆனால் அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கட்டும் என்று யாராவது வேண்டிக்கொள்வார்களா? அப்படி நின்றால்தான் எனக்குக் கூலி. தண்ணீர் இறைக்கும் மோட்டார்களை வாடகைக்கு விடுவது என் தொழில். ஆயுத பூஜை வருவது மழைக்காலத்துக்குச் சற்று முன்னால். மோட்டாருக்குச் சந்தனம் வைத்துவிட்டுக் கை கூப்பினால், என்ன கேட்பது என்று நாக்கு நிற்கும். "தொழில் நல்லா நடக்கணும்" என்பதுதான் எல்லோரும் கேட்பது. என் தொழில் நல்லா நடப்பதென்றால் இன்னொரு குடும்பம் பாயையும் அரிசி மூட்டையையும் கட்டிலுக்கு மேலே ஏற்றி வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான் குடியிருப்பது புதுச்சேரியின் கோரிமேட்டில். செம்மண் மேடு. எங்கள் தெருவில் எவ்வளவு பெய்தாலும் ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும். மேட்டில் பெய்த தண்ணீர் பள்ளத்தைத் தேடிப் போகும். அதற்குப் பின்னாலேயே நானும் வண்டியில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் என்று இறங்குவேன். என் வீடு நனையாது, என் பிழைப்பு மட்டும் நனைந்த வீடுகளில். இது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்தது.

2015 நவம்பர், டிசம்பர் மழையில் ஒற்றை மோட்டாரை வைத்துச் சமாளிக்க முடியவில்லை. அதனால் அடுத்த ஆவணியில் ஃபைனான்ஸில் கடன் எடுத்து ஒரு டீசல் மோட்டாரும், ஆள் தூக்கிப் போகிற மாதிரி இரண்டு பெட்ரோல் மோட்டார்களும் வாங்கினேன். 2016 வடகிழக்குப் பருவமழை எப்படி ஏமாற்றியது என்று விவசாயிகளுக்கு நினைவிருக்கும். தமிழ்நாடும் புதுவையும் சேர்ந்த வானிலைப் பிரிவில் அந்தப் பருவத்தில் 62 விழுக்காடு குறைவு. நவம்பர் 8ஆம் தேதி ரூபாய் நோட்டு செல்லாமல் போனது வேறு. தவணைக்கு வரும் பையனிடம் கொடுக்கக் காசும் இல்லை, இருந்த காசும் செல்லவில்லை.

ஓடாத மோட்டார் சும்மா இருக்காது, கெடும். கார்புரேட்டரில் நின்ற பெட்ரோல் ஆவியாகி, அடியில் பிசினாய்க் கட்டிக்கொள்ளும். தண்ணீர் படாத சீல் காய்ந்து வெடிக்கும். ஃபுட் வால்வின் வாஷர் விறைத்துப்போய்த் தண்ணீரைப் பிடித்து நிறுத்தாது. எவ்வளவு ஊற்றினாலும் கீழே இறங்கிவிடும், மோட்டார் காற்றை இழுத்துக்கொண்டு கத்தும். இதைத் தவிர்க்க, பிளாஸ்டிக் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, அதிலிருந்து எடுத்து அதிலேயே விழுகிற மாதிரி குழாயை மாட்டி, வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டுவேன். தெருவில் குடிதண்ணீருக்குக் குடம் வரிசை நிற்கும்போது, நான் ஒரு பீப்பாய்த் தண்ணீரைச் சுற்றிச் சுற்றி இறைத்துக்கொண்டிருப்பேன். 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி என்று அரசு அறிவித்தது.

இதற்கு நடுவில், 2016 நவம்பர் கடைசியில் நாடா என்ற புயல் உருவாகி நம் பக்கம் வருவதாக எச்சரிக்கை. டீசல் நிரப்பினேன், ஆள் சொல்லி வைத்தேன். டிசம்பர் 2 விடிகாலை அது வலுவிழந்து காரைக்கால் பக்கம் கரையேறிவிட்டது. பத்து நாளில் வர்தா வந்தது, அது சென்னைக்குப் போனது. நாடா வலுவிழந்தது என்ற செய்தி கேட்டு எங்கள் தெரு நிம்மதி அடைந்த காலையில் எனக்கு நிம்மதி வரவில்லை. ஏன் வரவில்லை, அதில் பாவம் ஏதும் உண்டா என்பதை நான் தீர விசாரிக்க விரும்பினேன்.

ரெயின்போ நகரில் ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுக் கூடத்தில் பலமுறை மோட்டார் போட்டிருக்கிறேன். ஒருமுறை நாற்காலி மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏம்ப்பா, மழை வரணும்னு வேண்டிக்குவியா?" "ஏரி நிறையணும்னு வேண்டிக்குவேன் சார்" என்றேன். பெரிதாகச் சிரித்தார். பிறகு ஒரு பழைய வழக்கைச் சொன்னார். ஏதென்ஸில் டெமாடீஸ் என்பவர், ஈமச் சடங்குக்கு வேண்டிய பொருள்களை விற்கும் ஒருவனுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தாராம். அவன் பெரிய லாபத்துக்கு ஆசைப்பட்டான், ஊரில் பலர் சாகாமல் அந்த லாபம் கிடைக்காது என்பது குற்றச்சாட்டு. ரோமாபுரி ஞானி செனெகா இதை எடுத்துக்கொண்டு, அவன் நிறையப் பேருக்கு விற்க விரும்பினானா, குறைந்த விலைக்கு வாங்கி அதிக விலைக்கு விற்க விரும்பினானா, இதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள், அவனை மட்டும் தண்டிப்பானேன் என்று கேட்டார். பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சின் மோந்தேன் இன்னும் ஒரு படி போனார்: ஒருவருடைய நஷ்டம் இல்லாமல் இன்னொருவருக்கு லாபமே கிடையாது; வக்கீலுக்குச் சண்டை வேண்டும், கொத்தனாருக்கு இடிந்த வீடு வேண்டும், வைத்தியருக்கு நோய் வேண்டும்.

இதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எல்லோரும் இப்படித்தான் என்பது விடையாகாது. பௌத்தம் விலக்கச் சொன்ன ஐந்து வாணிபங்களைப் பாருங்கள்: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு. கேட்டை உண்டாக்கும் தொழில்கள் அவை. கேடு வந்த பிறகு போய் நிற்கும் தொழில் அந்தப் பட்டியலில் இல்லை. ஆக என் தொழிலில் குற்றம் இல்லை. விசாரிக்க வேண்டியது ஆசையை. பலனில் பற்று வைக்காமல் வேலையைச் செய் என்று கீதை காட்டும் வழியை நான் வணங்குகிறேன். ஆனால் மாதா மாதம் தவணை கட்டுகிறவன் பலனை நினைக்காமல் எப்படி இருப்பான்? மனத்தை மட்டும் திருத்தப் பார்த்தால், அடுத்த எச்சரிக்கை வரும்போது அது மறுபடியும் வானத்தைப் பார்க்கும்.

மோந்தேன் சொன்ன வைத்தியரைப் பற்றி நினைத்தபோதுதான் ஒரு பிடி கிடைத்தது. எங்கள் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசு அது. 1964 முதல் இந்தப் பெயர். விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று எங்கிருந்தோ விடிகாலைப் பேருந்தில் வந்து சீட்டு போட வரிசையில் நிற்கிறார்கள். அங்கே உள்ள டாக்டர் வாங்குவது சம்பளம். வரிசை நீண்டால் அவருக்கு வேலைதான் கூடும், வருமானம் கூடாது. வரிசை குறைந்தால் அவருக்கும் நல்லது, நோயாளிக்கும் நல்லது. அவர் பிறவியிலேயே நல்லவரா என்று கேட்கத் தேவையே இல்லை. கூலி தரும் முறையே அவர் ஆசையை நோயாளியின் பக்கம் நிறுத்தி வைத்திருக்கிறது.

இன்னொருவனும் இதையே வேறு விதமாகச் சொன்னான். என் சித்தப்பா மகன், இலங்கைத் தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறான். குளிர்காலத்தில் வீட்டு வாசல்களில் பனி அள்ளிக் கொட்டும் ஸ்னோ புளோயர் மெஷின் வைத்திருக்கிறான். 2023 டிசம்பர் முதல் 2024 பிப்ரவரி வரையான குளிர்காலம், நாடு முழுவதற்கும் கணக்கு வைக்கத் தொடங்கிய 1948இலிருந்து கனடா கண்ட மிக வெதுவெதுப்பான குளிர்காலம். மெஷின் கராஜிலேயே கிடந்தது. போனில் கேட்டேன், கஷ்டமா என்று. "பாதிக் கஷ்டம்ண்ணே" என்றான். சில வீடுகளோடு சீசனுக்கு ஒரே தொகை. பனி கொட்டினாலும் கொட்டாவிட்டாலும் அந்தக் காசு உண்டு. சில வீடுகளுக்குத் தடவைக்கு இவ்வளவு. "ஒரே வானம்தாண்ணே. சீசன் கணக்கு வீட்டை நினைச்சா பனி வேண்டாம்னு இருக்கு, தடவைக் கணக்கு வீட்டை நினைச்சா கொட்டட்டும்னு இருக்கு."

இந்தப் பேச்சு என்னை உலுக்கியது. ஒரே ஆள், ஒரே இரவு, இரண்டு வேண்டுதல். ஆசை நெஞ்சின் ஆழத்தில் பிறக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி ஆசை, கூலி பேசி எழுதும் முறிச்சீட்டில் பிறக்கிறது. அப்படியானால் சாமிக்கு முன்னால் மனத்தை அலசிக்கொண்டு நிற்பதைவிட, முறிச்சீட்டைத் திருத்துவதும் ஒரு வழிபாடுதான். உதட்டில் "எல்லோரும் நல்லா இருக்கணும்" என்றும், கல்லாவில் "எல்லோர் வீட்டிலும் தண்ணீர் ஏறணும்" என்றும் இருப்பவனின் வேண்டுதலில் எதைத் தெய்வம் கேட்கும்? கல்லாவைத்தான் கேட்கும் என்று நான் நம்புகிறேன்.

2024 ஆவணியில் வாத்தியாரின் தெருவிலும் கிருஷ்ணா நகரிலும் சில வீடுகளோடு பேசி முடித்தேன். ஐப்பசி முதல் மார்கழி வரை ஒரே தொகை. எத்தனை தடவை தண்ணீர் ஏறினாலும் நான் வந்து இறைக்க வேண்டும், மேற்கொண்டு ஒரு ரூபாய் கேட்கக் கூடாது. அந்தப் புரட்டாசியில், இத்தனை வருடத் தொழிலில் செய்யாத ஒன்றைச் செய்தேன். ஆளை வைத்து அந்தத் தெருக்களின் வாய்க்கால் மூடிகளை நெம்பிப் பார்த்தேன். கேரி பை, தென்னை மட்டை, வீடு கட்டியவர்கள் தள்ளிவிட்ட ஜல்லியும் சிமெண்டுக் கட்டியும். மூட்டை மூட்டையாக வெளியே வந்தது. தண்ணீர் நிற்பது மழையால் மட்டுமல்ல என்று எனக்கு எப்போதும் தெரியும். மணிக்கணக்கில் கூலி வாங்கிய காலத்தில் அந்த மூடியைத் திறக்க எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. வாய்க்கால் தூர்வாரக் கேட்டுத் தெருக்காரர்கள் எழுதிய மனுவில், மேட்டில் குடியிருக்கும் நானும் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வருடம்தான் ஃபெஞ்சல் புயல் வந்தது. நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, நகராமல் நின்று கொட்டியது. மறுநாள் காலைக் கணக்கில் 24 மணி நேரத்தில் சுமார் 46 சென்டிமீட்டர். கிருஷ்ணா நகரில் இராணுவம் வந்து ஆட்களை வெளியேற்றியது. அந்த வெள்ளத்துக்கு வாய்க்கால் மூடி எம்மாத்திரம். மோட்டார் போட இடமே இல்லை; இறைத்த தண்ணீரைக் கொட்டவும் இடம் இல்லை. வெளியே மட்டம் இறங்கத் தொடங்கிய பிறகுதான் வேலை ஆரம்பித்தது. வெளியூரிலிருந்து வந்த மோட்டார்கள் மணிக்குக் கேட்ட வாடகையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். என் வீடுகளில் நான் ஒப்புக்கொண்ட தொகைக்கே இறைத்தேன். டீசல் கணக்கு மொத்தத் தொகையையும் தாண்டிப் போனது.

இரண்டாம் நாள் இரவு மறுபடி தூறல் விழுந்தது. வாத்தியார் மாடிப்படியில் உட்கார்ந்து, "இது எப்பதான் விடுமோ" என்று வானத்தைத் திட்டினார். நானும் திட்டினேன், என் ஆட்களும் திட்டினார்கள். அவர் கூடத்தில் நின்றுகொண்டு அவர் கேட்பதையே நானும் கேட்டது அதுவே முதல் தடவை.

நஷ்டத்தை அப்படியே விட முடியாது, வீட்டிலும் கேட்டார்கள். அதனால் அடுத்த பருவத்துக்கு முறியில் ஒரு வரி சேர்த்தோம்: புயல் என்று வானிலைத் துறை அறிவித்த நாட்களில் டீசல் செலவில் பாதி வீட்டுக்காரர்களுடையது, பாதி என்னுடையது, கூலி மட்டும் பழையபடி. அந்த வரியை எழுதியவர் வாத்தியார்.